ஹெட்ஃபோன் சத்தம் சரியில்லையா? அறிகுறி பார்த்து ஈக்வலைசரில் சரிசெய்யும் வழி

புது ஹெட்ஃபோன் கைக்கு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து, இடது ஓரத்தில் பேஸை (தாழ்ந்த ஒலிகள்) ஏற்று, வலது ஓரத்தில் ட்ரெபிளை (உயர்ந்த ஒலிகள்) ஏற்று, நடுவில் இருப்பதைக் கொஞ்சம் இறக்கு. முதல் பாட்டு அட்டகாசமாக இருக்கும். நாலைந்து பாட்டு போவதற்குள் காது களைத்துவிடும், குரல் பின்னால் போயிருக்கும், டிரம்ஸ் விழும் இடத்தில் கரகரவென்று ஏதோ கேட்கும். அப்புறம் "இந்த ஹெட்ஃபோனே சரியில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுடையது எதுவோ நேராக அங்கே போய்விடலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். இதில் சொல்லும் அறிகுறிகளில் கணிசமானவை ஈக்வலைசரால் தீராதவை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்லைடரோடு மல்லுக்கட்டுவதில்தான் நேரம் வீணாகிறது.

தொடுவதற்கு முன்

ஃபோனில் டால்பி என்ற ஒலி மேம்பாடு ஓடிக்கொண்டிருக்கும். பிளேயர் ஆப்பில் ஓர் ஈக்வலைசர், ஹெட்ஃபோனுக்கான ஆப்பில் இன்னொன்று. கம்ப்யூட்டர் என்றால் சவுண்ட் டிரைவரோடு கூடவே வந்த ஏதோ ஒரு 'மேம்பாடு' வேறு. இவை ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யும். மூன்று இடத்தில் 3 டெசிபல் பேஸ் ஏற்றியிருந்தால் மொத்தம் 9 டெசிபல். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே இடத்தில் மட்டும் ஈக்வலைசரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஹெட்ஃபோனை ஃபோன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றோடும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஹெட்ஃபோன் ஆப்பில் இருப்பதே வசதி. பல மாடல்களில் அந்த அமைப்பு ஹெட்ஃபோனுக்குள்ளேயே பதிந்துவிடும், எதில் இணைத்தாலும் கூடவே வரும். நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் அது போதாது. அதற்கு பாராமெட்ரிக் ஈக்வலைசர் வேண்டும்.

வழக்கமான பத்து ஸ்லைடர் ஈக்வலைசரில் இடங்கள் நிலையாக இருக்கும்: 31, 62, 125, 250, 500 ஹெர்ட்ஸ், பிறகு 1, 2, 4, 8, 16 கிலோஹெர்ட்ஸ். உங்கள் ஹெட்ஃபோனின் தொல்லை 5.6 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் இந்த ஸ்லைடர்களில் எதுவுமே அதன் மேல் நேராக உட்காராது. 4-ஐயும் 8-ஐயும் சேர்த்துக் குறைத்தால் தொல்லையோடு சேர்ந்து நல்லதும் போய்விடும். பாராமெட்ரிக்கில் ஒவ்வொரு ஃபில்ட்டருக்கும் மூன்று எண்கள்: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம். அகலத்தைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் கியூ. கியூ ஏற ஏற ஃபில்ட்டர் ஒடுங்கும். 0.7 என்றால் சுமார் இரண்டு ஆக்டேவ் அகலம் (ஓர் ஆக்டேவ் என்பது அதிர்வெண் இரண்டு மடங்காகும் தூரம்), 1.4 என்றால் ஓர் ஆக்டேவ், 4-ஐத் தாண்டினால் ஆக்டேவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். இதோடு, ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள அத்தனையையும் அல்லது மேலே உள்ள அத்தனையையும் தூக்கவோ இறக்கவோ செய்யும் ஷெல்ஃப் ஃபில்ட்டர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எதை நகர்த்தினாலும் சத்தம் மாறவில்லை

இதற்கு ஒரு வினாடிப் பரிசோதனை உண்டு. ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்பை −20 டெசிபலுக்கு இறக்குங்கள். மொத்தச் சத்தமும் பொத்தென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் பாட்டு ஈக்வலைசர் வழியாகப் போகவே இல்லை.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். முதலில், அதன் சாதனத் தேர்வுப் பட்டியலில் நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வெளியீட்டுக்கு டிக் இருக்கிறதா பாருங்கள். ஸ்பீக்கருக்கு டிக் போட்டுவிட்டு யூஎஸ்பி டாங்கிளில் கேட்டால் வேலை செய்யாது. டிக் போட்ட பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டாவது, விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 'ஆடியோ மேம்பாடுகள்' முழுவதையும் அணைத்திருந்தால் ஏபிஓவும் சேர்ந்து அணைந்துவிடும், ஏனென்றால் அதுவும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. மூன்றாவது, பிளேயர் வசாபி எக்ஸ்க்ளூசிவ் (WASAPI Exclusive) அல்லது ஏசியோ (ASIO) என்ற வெளியீட்டு முறையில் ஓடுவது. அந்த முறைகளில் பாட்டு நேராக சாதனத்துக்குப் போகும், நடுவில் யாரும் கைவைக்க முடியாது. பிளேயரின் வெளியீட்டைச் சாதாரண முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். நேற்று வரை வேலை செய்தது இன்று நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் சவுண்ட் டிரைவரை மாற்றியிருக்கும். சாதனத் தேர்வைத் திறந்து மறுபடி டிக் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்ற ஈக்வலைசர் ஆப்கள், பாடுகிற பிளேயர் தன் ஆடியோ செஷனை (தான் ஓட்டும் ஒலியோட்டத்தை) ஃபோனுக்கு அறிவித்தால்தான் அதைப் பிடிக்கும். சில பிளேயர்கள் அறிவிப்பதில்லை. ஒரு பிளேயரில் வேலை செய்து இன்னொன்றில் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். கொஞ்ச நேரம் வேலை செய்து பிறகு நின்றால், பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைப் பின்னணியில் மூடியிருக்கும், அதற்கு விலக்கு கொடுங்கள். ஐஃபோனில் எல்லா ஆப்களுக்கும் பொதுவாக வெளி ஈக்வலைசர் ஒன்றைப் போட வழியில்லை. பிளேயருக்குள் இருப்பதையோ ஹெட்ஃபோன் ஆப்பில் இருப்பதையோதான் நம்ப வேண்டும்.

பேஸை ஏற்றினால் கரகரக்கிறது

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. கரகரப்பில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகை கிளிப்பிங். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேலே இடமே கிடையாது. இன்றைய பாட்டுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டுதான் வெளிவருகின்றன. அதன்மேல் நீங்கள் 6 டெசிபல் பேஸ் ஏற்றினால் ஒலி அலையின் வீச்சு இரண்டு மடங்காகிறது. மேலே போக இடமில்லாததால் அலையின் தலை வெட்டுப்படுகிறது. கிக் டிரம் விழும்போதும், மிருதங்கத்தில் தொப்பி பேசும்போதும் 'டப்' என்பதோடு ஒட்டிக்கொண்டு ஒரு 'கர்' வருவது இதனால்தான்.

இரண்டாவது வகை, ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரோ அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரோ திணறுவது. 3 டெசிபல் ஏற்றுவதென்றால் இரண்டு மடங்கு மின்திறன், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. ஆழமான பேஸுக்கு ஸ்பீக்கரின் சவ்வு முன்னும் பின்னும் அதிக தூரம் போய் வர வேண்டும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டரில் எளிய வழி ஒன்று. கரகரப்பு வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். முதலில் சிஸ்டம் வால்யூமை நன்றாக இறக்குங்கள். சத்தம் சன்னமாகியும் கரகரப்பு அப்படியே இருந்தால் கிளிப்பிங். சிஸ்டம் வால்யூமைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிளேயரின் சொந்த வால்யூமை மட்டும் இறக்கிப் பாருங்கள். இப்போது கரகரப்பு போய்விட்டால் சந்தேகமே வேண்டாம், கிளிப்பிங்தான். பிளேயர் வால்யூம் ஈக்வலைசருக்கு முன்னால் இருக்கிறது, சிஸ்டம் வால்யூம் பின்னால். வெட்டுப்பட்ட பிறகு குறைத்து என்ன பயன்? மாறாக, சிஸ்டம் வால்யூமை இறக்கியதுமே கரகரப்பும் மறைந்தால் திணறுவது ஸ்பீக்கர் அல்லது ஆம்ப்.

கிளிப்பிங்குக்கு மருந்து ப்ரீஆம்ப். ஈக்வலைசரில் எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு ப்ரீஆம்ப்பை இறக்க வேண்டும். +6 ஏற்றினால் −6. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஃபில்ட்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும். 60 ஹெர்ட்ஸில் +4, 100 ஹெர்ட்ஸில் +4 என்று வைத்தால் இரண்டுக்கும் நடுவில் 4-ஐத் தாண்டி எங்கோ போயிருக்கும். ஆகவே பெரிய ஸ்லைடரின் எண்ணைப் பார்க்காமல் மொத்தக் கோட்டின் உச்சியைப் பாருங்கள். ஏபிஓவின் எடிட்டரில் கீழே வரைபடத்தோடு பீக் கெயின் என்று ஓர் எண் தெரியும், அது 0-க்கு மேல் போகக் கூடாது. ப்ரீஆம்ப்பை இறக்கியதும் பாட்டு சன்னமாகும். ஹெட்ஃபோன் வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

ஸ்பீக்கர் திணறினால் ஆசையைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. முதுகு திறந்த பெரிய ஹெட்ஃபோன்களில் டைனமிக் வகையைச் (கம்பிச்சுருளும் காந்தமும் சவ்வை அசைக்கும் வகை) சேர்ந்தவை பலவற்றிலும் 50, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் தானாகவே சரியும். அந்தச் சரிவை முழுக்க நிமிர்த்த 12 டெசிபல் ஏற்றுவது வீண்முயற்சி. 105 ஹெர்ட்ஸில் ஒரு லோ ஷெல்ஃப் (கீழே உள்ளதைத் தூக்கும் ஷெல்ஃப்), கியூ 0.7, 4 முதல் 6 டெசிபல். அதோடு நின்றுவிடுவது நல்லது.

பேஸ் இல்லவே இல்லை

ஈக்வலைசரைத் திறக்காதீர்கள். இரண்டு கைகளாலும் ஹெட்ஃபோனை லேசாகக் காதோடு அழுத்துங்கள். இயர்ஃபோன் என்றால் விரல் நுனியால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். பேஸ் சட்டென்று நிறைந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அடைபட்ட காற்றைத்தான் தாழ்ந்த அதிர்வெண்கள் நம்பியிருக்கின்றன. இம்மி அளவு இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான்.

இயர்ஃபோனில் டிப் (காதுத்துளைக்குள் போகும் மென்மையான முனை) அளவு மாற்றிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பெரிய ஹெட்ஃபோனில் மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதருகே முடி, நசுங்கிப்போன பேட் (காதில் உட்காரும் மெத்தை) ஆகியவை காரணம். பேட் தேய்ந்தால் கசிவு மட்டுமல்ல, காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் குறைந்து ட்ரெபிளும் மாறிவிடும்.

கழற்றி மாட்டும் இரண்டு பின் கேபிள் உள்ள இயர்ஃபோன்களில் இன்னொரு விஷயம். ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் இரு பக்க ஸ்பீக்கர்களும் எதிரெதிர்த் திசையில் அசையும். பேஸ் வலுவில்லாமல் இருக்கும், நடுவில் நிற்க வேண்டிய குரல் தலைக்குள் எங்கும் நிலைகொள்ளாமல் அலையும். ஒரு பக்கத்தைக் கழற்றித் திருப்பிச் செருகினால் தீர்ந்தது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பேஸ் குறைவு என்றால் மேலே சொன்ன ஷெல்ஃபை 3 டெசிபலில் தொடங்கி, கூடவே ப்ரீஆம்ப்பையும் இறக்கிப் பாருங்கள்.

குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல மந்தமாக இருக்கிறது

இந்த மந்தத்துக்கு ட்ரெபிள் குறைவு என்று நினைத்து வலது பக்கத்தை ஏற்றுவது இயல்பு. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் வீக்கம். ஆண் குரலின் கனம், கிட்டாரின் உடல், பேஸ் கிட்டாரின் மேல்பகுதி எல்லாம் வந்து நெரிசல்படும் இடம் அது. 250 ஹெர்ட்ஸில் கியூ 1 வைத்து 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். ட்ரெபிளைத் தொடாமலேயே திரை விலகும். அதிகமாகக் குறைத்தால் குரல் மெலிந்து காகிதம்போல ஆகிவிடும், அந்த எல்லையில் பாதி பின்வாங்குங்கள்.

பேஸ் ஷெல்ஃபை உயரமான அதிர்வெண்ணில் வைத்திருந்தாலும் இதே மந்தம் வரும். 200 ஹெர்ட்ஸில் வைத்த ஷெல்ஃப், பேஸோடு சேர்த்து குரலின் அடிப்பகுதியையும் தூக்கிவிடும். அதை 100-க்குப் பக்கத்தில் இறக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

'ஸ', 'ஷ' வரும்போதெல்லாம் காதைக் குத்துகிறது

முதலில் வேறு வேறு பாடகர்களின் நாலைந்து பதிவுகளைக் கேளுங்கள். ஒன்றில் மட்டும் குத்தினால் அது அந்தப் பதிவின் கோளாறு. அதற்காக ஹெட்ஃபோனின் சமநிலையையே மாற்றினால் மற்ற எல்லாப் பாட்டும் மங்கும். எல்லாவற்றிலும் குத்தினால் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு கூர்முனை இருக்கிறது. அதை வேட்டையாடிப் பிடிக்க வேண்டும்.

ஒற்றை அதிர்வெண் ஒலியை எழுப்பும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை எடுத்து, வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். வால்யூம் எச்சரிக்கை சும்மா சொல்வதல்ல. இந்தப் பகுதியில் ஒற்றை அதிர்வெண் ஒலி காதுக்குக் கடுமையானது. நகர்த்தும்போது சத்தம் படிப்படியாக ஏறி இறங்குவது இயற்கை, மனிதக் காது எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மாதிரி கூர்மையாக இருப்பதில்லை. நீங்கள் தேடுவது திடீரென்று துருத்திக்கொண்டு நிற்கும் இடம். உதாரணத்துக்கு 6.2-இல் சாதாரணமாக இருந்து, 6.8-இல் சீறி, 7.4-இல் மறுபடி அடங்கினால், 6.8-இல் ஒரு பீக் ஃபில்ட்டர் (அந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஏற்றி இறக்குவது) வையுங்கள். கியூ 3 அல்லது 4, −3 டெசிபல். மறுபடி நகர்த்திப் பாருங்கள். சீற்றம் அடங்காவிட்டால் −4, −5. அதற்குப் பிறகு டோனை மூடிவிட்டுப் பாட்டுக்கு வாருங்கள். கடைசித் தீர்ப்பு பாட்டில்தான்.

டோன் கேட்கப் பிடிக்காதவர்கள் 'ஸ' நிறைய வரும் பாட்டை ஓடவிட்டு, ஒடுங்கிய ஃபில்ட்டர் ஒன்றை +5 டெசிபலில் வைத்து மெல்ல நகர்த்தலாம். எந்த இடத்தில் தாங்கவே முடியவில்லையோ அதுதான் இடம். அங்கேயே நிறுத்தி + குறியை − ஆக்குங்கள்.

இதில் இயர்ஃபோன்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. காதுத்துளையை இயர்ஃபோன் அடைத்ததும் மிச்சமிருக்கும் காற்றுக்குழாயில் ஓர் ஒத்ததிர்வு உருவாகும், பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி. எவ்வளவு ஆழமாகச் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த இடம் நகரும்: ஆழம் கூடினால் மேலே, குறைந்தால் கீழே. ஆகவே இன்று சரியாகப் பிடித்து வைத்த ஃபில்ட்டர் நாளை வேறு ஆழத்தில் செருகினால் குறி தப்பும். கியூவை 2-க்குக் குறைத்துக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்வது இந்த இடத்தில் புத்திசாலித்தனம். ஃபோம் டிப் போட்டாலே குத்தல் தணிந்துவிடுவதும் உண்டு. அப்படியானால் ஃபில்ட்டரே வேண்டாம்.

குறைப்பதில் இவ்வளவு தாராளமாக இருக்கலாம் என்றாலும், டோனை நகர்த்தும்போது ஓரிடத்தில் சத்தம் பள்ளமாக விழுந்தால் அதை நிரப்பப் போகாதீர்கள். ட்ரெபிளில் ஒடுங்கிய பள்ளங்கள் பெரும்பாலும் காதின் மடிப்புகளும் ஹெட்ஃபோன் உட்காரும் கோணமும் சேர்ந்து உண்டாக்குபவை. ஹெட்ஃபோனை ஒரு விரல்கடை நகர்த்தினாலே இடம் மாறும்.

குரல் பின்னால் போய்விட்டது, அல்லது முகத்தில் அறைகிறது

இரண்டும் ஒரே பகுதியின் இரு கோடிகள்: 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். நம் காதுமடலும் காதுத்துளையும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து வரும் எந்த ஒலியையும் அப்படிக் கேட்டே பழகியிருக்கிறோம். ஹெட்ஃபோன் இந்த ஏற்றத்தை ஓரளவு தானே கொடுத்தாக வேண்டும். குறைவாகக் கொடுத்தால் குரல் பின்வாங்கும். கூடுதலாகக் கொடுத்தால் பித்தளை வாத்தியங்களும் உச்சஸ்தாயியில் பாடும் பெண் குரலும் கத்தும்.

பின்வாங்கிய குரலுக்கு 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் கியூ 1.4 வைத்து 2 டெசிபல் ஏற்றம், கத்தலுக்கு அதே இடத்தில் 2 டெசிபல் இறக்கம். இங்கே 1 டெசிபல்கூட நன்றாகக் காதில் விழும், அவசரப்படாதீர்கள். மூக்கால் பாடுவதுபோல இருந்தால் 800 ஹெர்ட்ஸ் முதல் 1.2 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். இரு ஓரங்களையும் ஏற்றி நடுவை இறக்கி, வி வடிவத்தில் ஈக்வலைசர் வைத்திருக்கிறவர்களின் குரல் பின்வாங்குவதற்குக் காரணம் சொல்லவே வேண்டாம், அந்த ஓரங்களை இறக்குவதுதான் வைத்தியம்.

குரல் மட்டும் மாயமாகி எதிரொலி மட்டும் கேட்கிறது

3.5 மில்லிமீட்டர் பிளக் முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது அதன் கிரவுண்ட் இணைப்பு (இரு பக்கத்துக்கும் பொதுவான கம்பி) விட்டுப்போயிருக்கிறது. கிரவுண்ட் இல்லாதபோது இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். இரு பக்கமும் சமமாகப் பதிவான குரல் கழிந்துவிடும். ஃபோன் உறையைக் கழற்றிவிட்டு பிளக்கை அழுத்திப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் கேபிள் மாற்ற வேண்டும்.

ஒரு பக்கம் சத்தம் குறைவு

இயர்ஃபோனை இடம் வலம் மாற்றிச் செருகுங்கள், பெரிய ஹெட்ஃபோனைத் திருப்பி அணியுங்கள். குறைவு ஹெட்ஃபோனோடு சேர்ந்து மறுபக்கம் போனால் கோளாறு ஹெட்ஃபோனில், அல்லது அது செருகியிருக்கும் சாதனத்தில். அதே காதிலேயே தங்கினால் காதில்: அழுக்கு, சளி, அல்லது மருத்துவரைப் பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று. ஹெட்ஃபோனோடு நகர்ந்தால் முதலில் ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் இடம் வலம் பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா பாருங்கள். அடுத்து இயர்ஃபோன் முனையின் வலை. காதுமெழுகு படிந்து அடைத்துக்கொள்வது ரொம்பச் சகஜம். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால், முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு துடையுங்கள், ஊசியால் குத்த வேண்டாம்.

மீட்டிங்கிலோ விளையாட்டிலோ மைக் திறந்ததும் சத்தம் தகரமாகிறது

புளூடூத்தின் வேலை இது. மைக் தேவைப்பட்டதும் இணைப்பு, பாட்டு கேட்கும் முறையிலிருந்து அழைப்பு முறைக்குத் தாவுகிறது. பழைய அழைப்பு முறையில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் வராது, அடுத்து வந்ததில் 8 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோவும் போய்விடும். வராத ஒலியை ஈக்வலைசர் எங்கிருந்து கொண்டுவரும்? மீட்டிங் ஆப்பில் மைக்காக லேப்டாப்பின் உள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஹெட்ஃபோன் கேட்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

அளவெடுத்த ப்ரீசெட் போட்டும் திருப்தியில்லை

ஆட்டோ ஈக்யூ போன்ற திட்டங்களில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு ரெடிமேட் ப்ரீசெட் கிடைக்கிறது. செயற்கைக் காதில் ஹெட்ஃபோனை மாட்டி அளவெடுத்து, அதை ஓர் இலக்குக் கோட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஃபில்ட்டர்களாக மாற்றியிருப்பார்கள். அந்த இலக்குகளில் பிரபலமானது ஹார்மன் கோடு. ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலானோர் பலரைக் கேட்கவைத்து, அவர்களுக்குப் பிடித்ததை வைத்து உருவாக்கியது. பலரின் விருப்பத்திலிருந்து பிறந்த கோடு உங்கள் விருப்பத்துக்கு அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. பேஸ் விஷயத்தில் அந்த ஆய்வுகளிலேயே கூடுதலாகக் கேட்டவர்களும் குறைவாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே ப்ரீசெட்டைப் போட்ட பிறகு, அதன்மேல் பேஸ் ஷெல்ஃப் ஒன்றை உங்கள் ரசனைக்கு ஏற்றியோ இறக்கியோ வைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ப்ரீஆம்ப்பை மறுபடி கணக்கிட மறக்காதீர்கள்.

ட்ரெபிளில் பிசிறடித்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஃபில்ட்டர்களை முதலில் அணைத்துவிடுங்கள். அந்தப் பகுதியில் செயற்கைக் காதின் அளவும் உங்கள் காதில் நடப்பதும் நிறையவே வேறுபடும். நான் ரெடிமேட் ப்ரீசெட் எதைப் போட்டாலும் இதைத்தான் முதலில் செய்வேன்.

வேறு காரணங்களும் உண்டு. பேட் மாற்றியிருந்தால் அந்த ப்ரீசெட் உங்கள் ஹெட்ஃபோனுக்கானதே அல்ல. இரைச்சல் தடுப்பு உள்ள மாடல்களில் அது ஓடும்போது ஒரு சத்தம், அணைத்தால் இன்னொரு சத்தம், ஒயரில் கேட்டால் மூன்றாவது. எந்த நிலையில் அளவெடுத்தார்களோ அதே நிலையில் கேளுங்கள். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனும் நுண் ஸ்பீக்கர்கள் பல கொண்ட இயர்ஃபோன்கள், வெளியீட்டு மின்மறுப்பு (ஓம் அளவில் சொல்லும் இம்பீடன்ஸ்) அதிகமுள்ள ஆம்ப்பில் செருகினால் குணமே மாறிவிடும். வெளியீட்டு மின்மறுப்பு இயர்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு.

இரவில் மெல்லக் கேட்டால் உயிரே இல்லை, சத்தமாகக் கேட்டால் காது களைக்கிறது

1933-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டிய சங்கதி இது: சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. சத்தமாக வைத்து அமைத்த ஈக்வலைசர் மெல்லக் கேட்கும்போது வெளிறிப்போவதும், மெல்ல வைத்து அமைத்தது சத்தமாகக் கேட்கும்போது பேஸால் மூச்சுமுட்டுவதும் அதனால்தான். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் உட்கார்ந்து அமையுங்கள். இரண்டு பழக்கமும் இருந்தால் இரண்டு ப்ரீசெட். இரவுக்கானதில் பேஸ் ஷெல்ஃப் இன்னும் 2, 3 டெசிபல் கூடுதலாக இருக்கட்டும்.

பேஸ் போதவில்லை என்று மொத்த வால்யூமையே கூட்டிக்கொண்டே போகும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. 90 டெசிபல் என்றால் அது வெறும் 4 மணி நேரம்.

முன்னைவிட நன்றாக இருக்கிறதா என்றே தெரியவில்லை

ஈக்வலைசரை ஆன், ஆஃப் செய்து ஒப்பிடும்போது எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். 1 டெசிபல் வித்தியாசம்கூடத் தீர்ப்பைச் சாய்த்துவிடும். ப்ரீஆம்ப் −6-இல் இருக்கும்போது ஈக்வலைசரை மொத்தமாக அணைத்தால் பாட்டு திடீரென்று 6 டெசிபல் எகிறும். "அணைத்தால்தான் நன்றாக இருக்கிறது" என்று நல்ல அமைப்பைத் தூக்கியெறிகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். ப்ரீஆம்ப்பை அப்படியே விட்டுவிட்டு ஃபில்ட்டர்களை மட்டும் அணைத்து ஒப்பிடுங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் குரலின் சத்தம் இரண்டிலும் ஒன்றாகக் கேட்கும் வரை ப்ரீஆம்ப்பை அரை அரை டெசிபலாக நகர்த்துங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஃபில்ட்டராக அணைத்துப் போட்டுப் பாருங்கள். எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுபோலத் தோன்றுகிறதோ அதை அழித்துவிடலாம். பத்தில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் மூன்று, நான்கில் வந்து நிற்பார்கள். காதுக்குப் புதுச் சமநிலை பழகக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், உடனே முடிவெடுக்காமல் சில நாள் அதிலேயே கேளுங்கள். சேமிக்கும்போது ப்ரீசெட்டின் பெயரில் ஹெட்ஃபோன் மாடலோடு எந்த டிப் அல்லது பேட், இரைச்சல் தடுப்பு ஆனா ஆஃபா என்பதையும் எழுதி வையுங்கள்.